மாமாவின் வலது கால்

மாமாவின் பெடல் ஸ்டீல் கிட்டார் அவரைவிட மூன்று வயது மூத்தது. மேசை மாதிரி நான்கு காலில் படுத்திருக்கும். கையில் இரும்புத் துண்டு, காலடியில் பெடல்கள், வலது காலுக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடல் என்று உட்கார்ந்து வாசிக்க வேண்டும். போன வாரம் அதன் பிக்கப் செத்துப்போனது. காந்தத்தைச் சுற்றி மயிரிழைக் கம்பி சுற்றிய சின்னப் பெட்டி அது. அது இல்லாவிட்டால் ஸ்பீக்கருக்கு ஒன்றும் போய்ச் சேராது.

"சனிக்கிழமை ஒத்திகைக்குள்ள சரியாகலன்னா, உங்க பங்கையும் கீபோர்டு தம்பியே வாசிச்சுடட்டும்" என்று மாமா வாசிக்கும் இசைக்குழுவின் தலைவர் சொல்லிவிட்டார். மாமா கவலையில் சாப்பிடவில்லை என்று எழுத ஆசைதான். மூன்று வேளையும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முகம் மட்டும் பட்டினி கிடந்தது.

புது பிக்கப் இரண்டு வந்தன. ஒன்று பெரிய கம்பெனியுடையது, வெல்வெட் பெட்டியில் பளபளத்தது. இன்னொன்று தெருமுனை ரேடியோக்காரர் தன் கையால் சுற்றியது. பார்க்க சோப்பு டப்பா.

மாமா வெல்வெட்டை மாட்டி வாசித்தார். "கேட்டியா மாப்ள? தேன்!"

பத்துக் கம்பியையும் தளர்த்தி, சோப்பு டப்பாவை மாட்டி, மறுபடி சுதி சேர்த்து வாசித்தார். "கேட்டியா? ஜலதோஷம்!"

எனக்கும் அப்படித்தான் கேட்டது. பக்கத்தில் நின்ற ரேடியோக்காரர் தன் செருப்பையே பார்த்தார்.

டூட்டி முடிந்து வந்து, வெல்வெட் வாசித்ததிலிருந்தே வாசலில் நின்றிருந்த அத்தை உள்ளே வந்தார். பஸ் டிரைவர். வந்ததும் குனிந்து கிட்டாருக்கு அடியில் பார்த்தார்.

"ஏங்க, முதல்ல வாசிச்சதுக்கு நல்லா மிதிச்சீங்கல்ல? இதுக்கு மட்டும் ஏன் வால்யூம் பெடல்ல ஸ்கூல் வாசலைத் தாண்டுற மாதிரி மெதுவா போனீங்க?"

"என் கால் எனக்குத் தெரியாதா?"

"இருபது வருஷமா பஸ் ஓட்டுறேன். எந்தக் காலும் எனக்குத் தெரியும்."

ஷூவைக் கழற்றிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு, வால்யூம் பெடலில் தன் காலை வைத்தார். "வாசிங்க. வேகம் என் பொறுப்பு."

சோப்பு டப்பா பாடியது. மாமா பாட்டை முடித்தார், இன்னொன்றை ஆரம்பித்தார். நியாயத்துக்காக வெல்வெட்டையும் மறுபடி மாட்டினோம். பாதிப் பாட்டில் நிறுத்தினார்.

"சோப்பு டப்பாவையே போடுங்க" என்றார், சுவரைப் பார்த்து. ரேடியோக்காரர் காரணமில்லாமல் கண்ணாடியைத் துடைத்தார்.

சனிக்கிழமை தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். கீபோர்டு தம்பி கையைக் கட்டிக்கொண்டான்.

"உங்க பங்கு உங்களுக்குத்தான்" என்றார் தலைவர். "அது சரி, பக்கத்துல ஸ்டூல்ல அவங்க யாரு?"

"டிரைவர்" என்றார் மாமா.