இருபத்தைந்து கிலோ பிடி

இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிய மனிதருக்கு ஒரு டீஸ்பூனைப் பிடிக்க வரவில்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் "இடது கைதானே, விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவ்வளவு பெரிய ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் ஒடிக்க முடியாது என்பது அவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்க நின்றபோது பேஸ்ட் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம் என்றார்கள். கால் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் தனக்குக் கொஞ்சம் வருத்தம்தான் என்று அவர் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள். கை மட்டும் வரவில்லை.

டிப்போ டாக்டர் கறாரான ஆள். பன்னிரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். இடது கையில் இருபத்தைந்து கிலோ பிடி இருந்தால் வண்டி, இல்லாவிட்டால் வண்டி கிடையாது. விதி அப்படி.

"பன்னிரண்டு எதுக்கு டாக்டர், ஆறே வாரத்துல கொண்டாந்து காட்டறேன்" என்றார் டிரைவர்.

வாய்ச்சவடால் இல்லை. மனதார நம்பித்தான் சொன்னார். லாரி கழுவிக்கொண்டே ஓட்டக் கற்றுக்கொண்டவர் அவர். கைதூக்கிவிட ஆளில்லை, சிபாரிசு இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நேரம் தவறி வண்டி எடுத்ததில்லை. தனக்குக் கிடைத்ததெல்லாம் உழைத்துக் கிடைத்தது, ஆகவே ஒருவருக்குக் கிடைக்காமல் போனதெல்லாம் அவர் உழைக்காமல் போனது. இந்தக் கணக்கில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. கூட வேலை பார்த்தவர் பதவி உயர்வுத் தேர்வில் தோற்றபோது, "உழைப்பு போதலை" என்றார். தெருமுனைக் கடை இழுத்து மூடப்பட்டபோதும் அதையேதான் சொன்னார்.

ஒரே மகள் நர்சிங் நுழைவுத் தேர்வில் முதல் தடவை நான்கு மதிப்பெண்ணிலும், மறு தடவை இரண்டு மதிப்பெண்ணிலும் கோட்டைவிட்டாள். இரண்டு தடவையும் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் அதே இரண்டு வார்த்தையைச் சொன்னார். அவள் அடுத்த மாதமே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

இப்போது அந்த மகள்தான் மதிய ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு, காலையில் அவரை ஆஸ்பத்திரியின் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப்போனாள். மனைவிக்குச் சலவைக் கம்பெனியில் காலை வேலை.

நீளமான கூடம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. நடை பழக இரண்டு கம்பிகள். ஜன்னலோரம் ஒரு மேஜை. அதன்மேல் துணி மாட்டும் கிளிப்புகள், மரக் குச்சிகள், பிசைவதற்குப் பச்சை நிற ரப்பர் உருண்டைகள். பயிற்சி கொடுக்கும் பெண்ணை எல்லோரும் பிசியோ என்றே கூப்பிட்டார்கள். முப்பது வயதுகூட இருக்காது. எந்தக் கைக்கு என்ன வரும், என்ன வராது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கருவியைக் கையில் கொடுத்து அழுத்தச் சொல்வாள். முள் எங்கே நிற்கிறதோ அதுதான் அந்த வாரத்துப் பிடி.

டிரைவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு சினிமா தியேட்டரின் டிக்கெட் கவுன்ட்டர்காரர். அதே மாதம், அதே இடது கை. எதற்கும் அவசரப்படாத ஆள் என்பதால் கூடத்தில் அவருக்குச் சாவகாசம் என்று பெயர் விழுந்துவிட்டது. இருபது தடவை பிசையச் சொன்னால் எட்டு பிசைவார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பராக்குப் பார்ப்பார். "எண்ணிக்கை விட்டுப்போச்சும்மா. இருபதுன்னே வச்சுக்குங்களேன்" என்பார். டிரைவர் இருபதுக்கு நாற்பது பிசைவார், பல்லைக் கடித்துக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்ட.

முதல் வாரம் இரண்டு பேருக்கும் நான்கு கிலோ. அடுத்த வாரம் டிரைவருக்கு ஐந்து, சாவகாசத்துக்கு எட்டு. பிறகு ஏழுக்குப் பதின்மூன்று. பிறகு மறுபடி ஏழுக்குப் பத்தொன்பது. ஐந்தாவது வாரம் சாவகாசம் இரண்டு கையாலும் ஓர் ஆரஞ்சுப்பழத்தை உரித்து, ஒரு சுளையை டிரைவரிடம் நீட்டினார்.

"நான் ஒண்ணுமே பண்ணலையே அண்ணே. காலையில எழுந்தேன், விரல் தானா விரிஞ்சுது."

சுளையை வாங்கிக்கொண்ட டிரைவர் அதை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டார். உழைக்காதவனுக்கு வருகிறது, உழைக்கிறவனுக்கு வரவில்லை என்றால் மீதி ஏழு வாரத்தில் அவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? தன் பங்கில் எங்கோ குறை இருக்கிறது, அவ்வளவுதான் என்று முடிவுகட்டினார். பச்சை உருண்டை ஒன்றைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிசியோ சொன்னதற்கு மேல் செய்யக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. ஆகவே மத்தியானம் குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, முந்நூறு தடவை பிசைந்தார்.

"இவ்வளவு நேரம் குளிச்சா கை வருமோ வராதோ, தொட்டியில தண்ணி வராது" என்றாள் மனைவி கதவுக்கு வெளியிலிருந்து.

இதற்கு நடுவே இன்னொரு பயமும் அவரை அரித்தது. வெள்ளிக்கிழமைகளில் முள் ஏறாமல் நிற்கும்போது, மகள் சுவரோரப் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அவள் வாயைத் திறந்தால் எந்த இரண்டு வார்த்தை வரும் என்று அவருக்குத் தெரியும். சொல்வதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது என்பதும் தெரியும். வீடு திரும்பும் வழியில், நிறுத்தத்தில் நிற்கையில், அவள் தொண்டையைச் செருமினாலே இவருக்குக் காது அடைத்துக்கொள்ளும்.

"பஸ் வந்துடுச்சுப்பா" என்பாள் அவள். வேறொன்றும் சொல்ல மாட்டாள். சொல்லித் தொலைத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும் அவருக்கு.

எட்டாவது வாரம் முள் பத்துக்கு வந்தது, ஆனால் கை வீங்கியது. மணிக்கட்டு கொதித்தது. மூடிய விரல்கள் திறக்க மறுத்து, நகம் உள்ளங்கையில் பதிந்துவிட்டது. பிசியோ ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள்.

"வீட்டுல எவ்வளவு பண்றீங்க சார்?"

முந்நூறு என்றார். மகளும் பிசியோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அழுத்தி அழுத்தி இந்தக் கைக்கு மூட மட்டும்தான் தெரியுது. திறக்கவே தெரியலை. ரெண்டு வாரம் இதைத் தொடக் கூடாது."

"அப்போ ரெண்டு வாரம் நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்க."

டாக்டர் சொன்ன கெடுவைவிட இது அவரைக் கலங்கடித்தது. அவர் வாழ்க்கையில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. சாவகாசத்தின் நாற்காலியைக் காட்டி, இத்தனை வாரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார்.

"அவருக்கு மட்டும் எப்படிம்மா வந்தது?"

"மூளையில அடி எங்க பட்டதுங்கறதைப் பொறுத்தது சார். அவருக்கு ஓரமாப் பட்டிருக்கு. உங்களுக்குக் கைக்குப் போற வழியிலயே."

"அப்போ நான் உழைச்சது?"

பிசியோ பொய் சொல்லத் தெரியாத பெண். "உழைக்காம இருந்திருந்தா இந்தப் பத்து கிலோ வந்திருக்காது" என்றாள். "உழைச்சா இருபத்தஞ்சு வந்துடும்னு என்னால சொல்ல முடியாது."

அந்த இரண்டு வாரம் போல் நீண்ட நாட்களை அவர் பார்த்ததில்லை. கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். தெருமுனையில் பஸ் திரும்பும் சத்தத்தை வைத்தே எந்த வண்டி, எத்தனை நிமிடம் தாமதம் என்று சொல்லிவிடுவார், கேட்கத்தான் ஆளில்லை. கடிகாரத்தைப் பார்ப்பார். கையைப் பார்ப்பார். ஒரு விரல் அசைந்த மாதிரி இருக்கும். பதறிப்போய் உற்றுப் பார்த்தால் அசைந்திருக்காது.

சும்மா உட்கார்ந்தால் நினைக்கத்தானே வேண்டும். மகள் தேர்வுக்குப் படித்த வருடம் நினைவுக்கு வந்தது. முதல் வண்டி எடுக்க அவர் விடியற்காலையில் எழுந்திருப்பார். அவருக்கு முன்பே அவள் அறையில் விளக்கு எரியும். கதவிடுக்கில் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் செருப்பை மாட்டினார். ஒரு நாள்கூட அது எரியாமல் இருந்ததில்லை. அவள் உழைத்தாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அவருக்கு நகம் வெட்டிவிட்டாள். வலது கை நகத்தை வெட்ட இடது கை வேண்டும்; அது இல்லாததால் நகம் கன்னாபின்னாவென்று வளர்ந்திருந்தது. மடியில் பேப்பரை விரித்து, தலை குனிந்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னது தப்பும்மா" என்றார் அவர்.

"எதுப்பா?"

"உழைப்பு போதலைன்னு."

அவள் இன்னும் இரண்டு நகம் வெட்டினாள்.

"உங்க மேல எனக்குக் கோபமே வரலைப்பா. கோபம் வந்திருந்தா சண்டை போட்டு முடிச்சிருப்பேன். நீங்க சொன்னதை நம்பிட்டேன், அதான் கஷ்டமாப் போச்சு. இன்னும் எவ்வளவு படிச்சிருந்தா அந்த ரெண்டு மார்க் வந்திருக்கும்னு கடையில நின்னுக்கிட்டே யோசிச்சிருக்கேன். இப்பவும்தான்."

அவர் கண்ணைத் துடைக்கலாம் என்றால் நல்ல கை அவள் பிடியில் இருந்தது.

"ஆட்டாதீங்க, வெட்டிடப் போகுது" என்றாள்.

ஓய்வுக்குப் பிறகு கை கொஞ்சம் திறந்தது, பிடியும் ஏறியது. பன்னிரண்டாவது வாரம் டிப்போ டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் அவரும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து வந்த ஒவ்வொருவர் முகத்தையும் அவர் அளந்தார். இடது கையைச் சூடாக வைத்துக்கொள்ள வலது கையால் பொத்திக்கொண்டார், குருவிக்குஞ்சைப் பொத்துகிற மாதிரி.

மூன்று தடவை அழுத்தச் சொன்னார்கள். பதினேழு. பத்தொன்பது. பதினெட்டு. இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று கெஞ்சினார். கறாரான டாக்டர் அதற்குச் சரி என்றார். நான்காவது தடவை பதினாறு.

டாக்டர் எழுத ஆரம்பித்தார். அழுகை வரும் என்று டிரைவர் எதிர்பார்த்தார், வரவில்லை. வெளியே வந்தபோது மகள் எழுந்து நின்றாள்.

"பத்தொன்பது" என்று அவரே சொன்னார்.

அவள் தலையசைத்தாள். கேன்டீனில் டீ வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை கூட உட்கார்ந்திருந்தாள்.

டிப்போவில் அவரை நேர அலுவலகத்தில் போட்டார்கள். வாசலோரம் ஒரு சின்ன அறை, ஒரு ஜன்னல். வண்டி கிளம்பும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுத வேண்டும். முதல் வாரம் தன் வண்டியை வேறொருவர் ஓட்டிப்போவதை அவரால் பார்க்க முடியவில்லை. நேரத்தை மட்டும் எழுதிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பார்க்கப் பழகினார். வீட்டில் கைப்பயிற்சியை விடவில்லை. நாளைக்கு இருபது தடவை. வருமா என்று பிசியோவிடம் கேட்பதை விட்டுவிட்டார், ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் நிற்கவில்லை.

சாவகாசம் ஒரு நாள் டிப்போ பக்கம் வந்தார். பழையபடி டிக்கெட் கொடுக்கப் போய்விட்டாராம். சந்தோஷம்தானே என்று டிரைவர் கேட்டார்.

"கை வந்துடுச்சு அண்ணே. கவுன்ட்டர் அதே கவுன்ட்டர்தான்" என்று சொல்லி உதட்டைப் பிதுக்கினார் சாவகாசம்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் மகள் ஒரு சேதி சொன்னாள். கண் பரிசோதனை செய்யும் பயிற்சிக்குக் கடையிலிருந்தே அனுப்புகிறார்களாம், ஆறு மாதம். கடைசியில் தேர்வு உண்டு. தேறினால் பரிசோதனை அறையில் வேலை, தேறாவிட்டால் திரும்பவும் பழைய இடம். சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த மனைவியும் குழாயை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். அந்த வீட்டில் இந்த மாதிரி நேரத்தில் அவர் என்ன சொல்வார் என்பது இரண்டு பேருக்கும் மனப்பாடம்.

அவருக்கு வாய்வரை வந்தது. மறுபடியும் தேறாமல் போனால் இவள் என்ன ஆவாள் என்ற பயம் பிடித்துக்கொண்டது. ராப்பகலா படி என்று சொல்லிவிட்டால் தன் பயமாவது கொஞ்சம் அடங்கும். விழுங்கிக்கொண்டார்.

"எத்தனை மணிக்கு அங்க இருக்கணும்?" என்று கேட்டார்.

"ஒன்பது."

"எட்டு இருபது வண்டியில போகாதே. அது எப்பவும் எட்டு நிமிஷம் லேட். ஓட்டறவர் மேல தப்பில்லை, நடுவுல ரயில்வே கேட் இருக்கு. அஞ்சு நிமிஷம் முன்னாடி இன்னொண்ணு இருக்கு, அது பாலத்து மேல போயிடும்."

"சரிப்பா" என்றாள் மகள். மனைவி குழாயைத் திறந்தாள்.

திங்கட்கிழமை அவள் கிளம்பிய நேரத்தில் அவர் நேர அலுவலகத்தில் இருந்தார். அவள் ஏறப்போகும் பாலத்து வழி வண்டி எட்டு பதினைந்துக்குச் சரியாகக் கிளம்பியது. நேரத்தை எழுதினார். அடுத்த வண்டிக்காரர் ஜன்னலைத் தட்டும் வரை அவர் தாளிலிருந்து பேனாவை எடுக்கவில்லை.