அழித்தவன் கையெழுத்து

அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'வெந்நீர் அக்கா' என்பார்கள். அடுப்பில் வைக்காமலே கொதிப்பாள் என்று கீழ்த்தளத்துப் போன் கடைக்காரன் வைத்த பட்டம். அழிந்துபோன படங்களையும் கோப்புகளையும் மீட்டுக் கொடுப்பது அவள் தொழில். தண்ணீரில் விழுந்த போன், தவறி அழித்த கல்யாண வீடியோ, கோபத்தில் சுவரில் எறிந்த லேப்டாப் எல்லாம் அவள் மேசைக்குத்தான் வந்து சேரும். கொண்டு வருகிறவர்களுக்கு முதலில் நாலு திட்டு விழும். அப்புறம்தான் வேலை.

அன்று காலை வந்த பெண்மணியைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. லிஃப்ட் ஓடாததால் மூன்று மாடியும் படியேறி, மூச்சு வாங்க உள்ளே வந்து, கைக்குட்டையில் முடிந்திருந்த மெமரி கார்டை மேசைமேல் வைத்தாள் அந்தப் பெண்மணி. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலையாம். சோப்பு நீரில் ஊறி ஊறி விரல்நுனிகள் வெளுத்திருந்தன.

"எங்க வீட்டுக்காரர் பஸ் டிரைவர். மூணு வாரத்துக்கு முன்னால மேம்பாலத்து இறக்கத்துல ஒரு பஸ் சுவத்துல மோதுச்சே, அது அவர் ஓட்டினதுதான்."

அக்காவுக்குத் தெரியும். ஒன்பது பயணிகளுக்குக் கை கால் முறிவு. செத்தது டிரைவர் மட்டும். அந்தப் பஸ் கிளம்பும் டிப்போவில்தான் அவள் தம்பி பிரேக் மெக்கானிக். "ஆளு எப்பவும் கொஞ்சம் வேகம்தான் அக்கா" என்று சாப்பிடும்போது சொல்லியிருந்தான். அவளும் அதை நம்பி, செத்த மனிதனை நாலு வார்த்தை வைதிருந்தாள். தம்பியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். எல்லாம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

"வேகமா ஓட்டினார்னு எழுதிட்டாங்க," என்றாள் டிரைவரின் மனைவி. "இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடிச்ச மனுஷன். பிரேக் சரியில்ல, பிரேக் சரியில்லன்னு தினமும் புலம்புவார். வண்டி எடுக்கறதுக்கு முன்னால எல்லாத்தையும் போன்ல படம் எடுத்து வெச்சுக்குவார். அந்தப் போனை டிப்போவுல ரெண்டு நாள் வெச்சிருந்துட்டுக் குடுத்தாங்க. கார்டு துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. வர்ற திங்கட்கிழமை விசாரணை."

"அதுக்கப்புறம் இதுல ஏதாவது படம் எடுத்தீங்களா?"

"யாரை எடுக்க?"

"நல்லதாப் போச்சு. மேல புதுசா எதுவும் எழுதலைன்னா பழசு கிடைக்கும். அழிக்கறவங்க பெரும்பாலும் பட்டியலைத்தான் அழிப்பாங்க. வாசல்ல இருக்கற பேர்ப்பலகையைக் கழட்டின மாதிரி. ஆளு உள்ளதான் இருப்பாங்க."

"எங்க வீட்டு ஆளு உள்ள இல்லம்மா."

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாலு மணிக்கு வரச் சொல்லி அனுப்பினாள்.

கார்டை அப்படியே நகலெடுத்து, மூலத்தை உறையில் போட்டு ஒட்டினாள். நகலில் ஒரு கோப்புக்கும் பெயர் இல்லை. எது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல நாதியில்லை. ஆனால் ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தலையில் ஓர் அடையாளம் உண்டு. போனில் எடுத்த படம் என்றால் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்றுதான் ஆரம்பிக்கும். எஃப்எஃப், டி9 என்று முடியும். தொழிலில் அதற்குக் கையெழுத்து என்று பெயர். கார்டை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வரிவரியாகத் துழாவி, அந்தக் கையெழுத்து தட்டுப்படும் இடத்தில் தொடங்கி முடிவுவரை வெட்டி எடுத்தால் படம் கைக்கு வந்துவிடும்.

வந்தது. முதலில் வந்தவை அரைகுறை. மேல்பாதி படம், கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். பிறகு முழுசாகவே வந்தன. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. பெயர் போனாலும் எடுத்த தேதி படத்துக்குள்ளேயே இருக்கும். தேதிவாரியாக அடுக்கினாள்.

சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்க் கசிவு. ஹோஸ் என்கிற பிரேக் குழாயின் ரப்பர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. காற்றழுத்த முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே. ஒவ்வொரு நாளும் புகார்ப் புத்தகத்தின் பக்கத்தையும் அந்த மனிதர் படம் எடுத்து வைத்திருந்தார். 'பிரேக் இறங்குது. ஹோஸ் மாத்தணும்.' சாய்வான, நிதானமான எழுத்து. ஆறு நாளும் அதே வரி. ஆறு நாளும் அதற்குக் கீழே வேறொரு கை பதில் எழுதியிருந்தது: 'சோதித்தாயிற்று. வண்டி நல்ல நிலை.' பக்கத்தில் கையெழுத்து.

"எவன்டா இவன், படுபாவி," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பெரிதாக்கிப் பார்த்தாள்.

கடைசி எழுத்திலிருந்து தூண்டில்போல வளைந்து இறங்கும் வால். எட்டாம் வகுப்பில் தம்பி மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தைத் திருட்டுத்தனமாகப் போட, நோட்டு நோட்டாக எழுதிப் பழகிய அதே வால்.

தேதியில் கடைசியாக இருந்த படத்தைத் திறந்தாள். விபத்து நடந்து இரண்டாம் நாள் எடுத்தது. டிரைவர் அப்போது பிணவறையில் இருந்தார். மங்கலாக ஒரு பட்டறை மேசை. ஓரத்தில் கேமராவை மறைத்த கட்டைவிரல். நகம் பாதிதான் இருந்தது. ஜாக்கி நழுவி அந்த விரல் நசுங்கிய நாளில், ரத்தம் சொட்டச் சொட்ட அவனை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியவள் அவள்தான். கார்டைத் துடைத்துவிட்டு எங்கேயோ விரல் பட்டு ஒரு படம் விழுந்திருக்கிறது. பதறி அதையும் அழித்திருக்கிறான்.

கடையைப் பூட்டினாள். பஸ் ஏற மனம் வராமல் டிப்போவரைக்கும் நடந்தே போனாள். நடக்க நடக்கக் கோபம் ஆறும் என்பார்கள். அவளுக்கு ஏறியது.

தம்பி ஒரு பஸ்ஸுக்கு அடியில் பள்ளத்துக்குள் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேல வாடா."

முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஏறி வந்தான். டயர்கள் அடுக்கியிருந்த மூலைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனான்.

"அந்தம்மா உன்கிட்டயா வந்தாங்க?"

"ஆறு நாள், ஆறு கையெழுத்து. வண்டி நல்ல நிலைன்னு எழுதியிருக்கியே, உன் கண்ணு எங்கடா போச்சு?"

"ஹோஸ் ஸ்டோர்ல இல்லக்கா. கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். வண்டி வெளிய போகணும், கையெழுத்துப் போடுன்னு மேனேஜர் தலைக்கு மேல நின்னார். நான் போடலைன்னா வேற ஒருத்தன் போட்டிருப்பான்."

"அந்த வேற ஒருத்தனே போட்டுத் தொலைச்சிருக்கட்டுமே! சரி, அது பயம். செத்தவன் போனை எடுத்துத் துடைச்சியே, அது என்ன?"

அவன் கையிலிருந்த கிரீஸைப் பேண்ட்டில் துடைத்தான்.

"என் வீட்ல உக்காந்து, நான் போட்ட சோத்தைத் தின்னுகிட்டே, ஆளு வேகம்னு சொன்னியே. உனக்குத் தொண்டையில இறங்குச்சா?"

"அக்கா, மெதுவா." நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரல் இறங்கிவிட்டது. "படம் எதுவும் வரலைன்னு சொல்லிடு. உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? எனக்கும் பொண்டாட்டி இருக்கா, பொண்ணு இருக்கா. அவளை நினைச்சுப் பாரு."

அவள் நினைத்துப் பார்க்காமல் இல்லை. 'அத்தை, அத்தை' என்று காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தை. நகத்தளவு கார்டு, இரண்டு விரலால் மடக்கினால் உடைந்துவிடும். ஒரு கணம் அவள் விரல்களுக்கே அது தோன்றியது. அப்படித் தோன்ற வைத்தானே என்றுதான் அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பளாரென்று அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

"திங்கட்கிழமை விசாரணை. நீயா வந்து சொல்லு. இல்லேன்னா நான் சொல்லுவேன். ரெண்டுல ஒண்ணு."

நாலு மணிக்கு டிரைவரின் மனைவி வந்தாள். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். சுற்றி வளைக்கவில்லை.

"படம் எல்லாம் கிடைச்சுடுச்சு. உங்க வீட்டுக்காரர் மேல தப்பே இல்ல. வண்டி சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டவனும், இதை அழிச்சவனும் ஒரே ஆளு. என் கூடப் பிறந்த தம்பி."

அந்தப் பெண்மணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள்.

"காலையில உங்களுக்கு இது தெரியுமா?"

"அவன் அந்த டிப்போவுல இருக்கான்னு தெரியும். இது தெரியாது."

"அப்பவே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும். தப்புதான்."

"நீங்க எதையாவது மறைச்சு வெச்சிருக்க மாட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

"நம்ப வேண்டாம். உக்காந்து பாருங்க."

இருநூற்றுப் பதினான்கையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள். ஒவ்வொன்றையும் அவள் தலையசைத்த பிறகே அக்கா நகர்த்தினாள். குழாய், முள், புத்தகம். குழாய், முள், புத்தகம். நடுவே ஒரு படத்தில் சலவைக்கூடத்துச் சீருடையோடு அவளே சோபாவில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பாவி மனுஷன், இதை எப்ப எடுத்தார்," என்று சொன்னவள் அதற்குப் பிறகுதான் அழுதாள். அக்கா கை நீட்டியபோது தட்டிவிட்டாள். "வேண்டாம். உங்க கை வேண்டாம்." ஒட்டிய உறையையும் நகலையும் வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

திங்கட்கிழமை அக்கா விசாரணை அறையில் ஏறி நின்றாள். பெயரில்லாத படங்களை எப்படி அடையாளம் கண்டாள், தேதி எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கையெழுத்து யாருடையது என்று கேட்டபோதும் சொன்னாள். மேனேஜர் மடிப்புக் கலையாத சட்டையில் உட்கார்ந்து, "யாரோ ஒட்டிப்போட்ட படங்கள்" என்றார். தம்பி வரவில்லை.

மறுநாள் வந்தான். சவரம் செய்யாத முகம். கையில் ஒரு கவர். ஹோஸ் வேண்டும் என்று அவன் எழுதிக் கொடுத்த பதினோரு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் மேனேஜர் சிவப்பு மையில் 'பிறகு' என்று எழுதியிருந்தார். கையெழுத்துப் போட்டதையும், அவர் சொல்லிப் போனைத் துடைத்ததையும் தலைகுனிந்து சொன்னான். வேகமாக ஓட்டினார் என்ற வரியை அன்றே அடித்துவிட்டார்கள். மேனேஜர்மீது வழக்கு, தம்பிக்கு வேலையும் போயிற்று, அவன்மீதும் வழக்கு.

வெளியே டிரைவரின் மனைவி அக்காவையும் தம்பியையும் கடந்து போனாள். தம்பி கைகூப்பினான். "இந்தச் சீட்டையெல்லாம் அவர் உயிரோட இருக்கறப்பக் காட்டியிருக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவன் கூப்பிய கை அப்படியே நின்றது.

அக்காவும் தம்பியும் நிறுத்தத்தில் நின்றார்கள். அவள் அவனோடு பேசவில்லை. பேசினால் ஊர் கூடிவிடும் என்று அவளுக்கே தெரியும். பஸ் வந்து நின்றது. நிற்கும்போது கிறீச்சென்று ஒரு சத்தம். தம்பி பழக்க தோஷத்தில் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தான்.

"இப்பக் குனிஞ்சு பார்த்து என்னடா கிழிக்கப்போற?" என்று அவள் கத்தினாள். பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அவன் நிமிரவில்லை. பார்த்து முடித்துவிட்டு டிரைவர் பக்கம் போய், ஜன்னலைத் தட்டி, இடது முன்சக்கரத்தில் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது, இன்றைக்கே எழுதிக் கொடுங்கள் என்று சொன்னான். அதுவரைக்கும் பஸ் நகராதபடி அக்கா படியில் ஒரு காலை வைத்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.