குடிக்காமல் வைத்த டீ

ஜோர்டான்ல வாதி குவைர்ங்கிற ஓடை இடுக்குல ஆளுங்களைக் கூட்டிட்டு நடக்கிறப்ப என் புருஷன் ஸுவைலிம் முன்னாடி போவாரு. நான் கயிறைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கடைசியா வருவேன். இருபது வருஷமா இதே வரிசைதான். "இந்த வத்ஹா என் வாலு"ன்னு சுத்திப் பாக்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிப்பாரு.

அன்னிக்கு அம்மான் பட்டணத்துலேருந்து புதுசாக் கல்யாணமான ஜோடி வந்திருந்துச்சு. முழங்கால் அளவு தண்ணி. கையை விரிச்சா ரெண்டு பக்கமும் பாறை இடிக்கும். மேல ஒரு கீத்து நீல வானம். நடுவுல இருக்கிற மணல் திட்டுல கெட்டிலை வச்சு, விருந்தாளிக்கு டீ கொடுக்காம எங்க ஆளு ஒரு அடி நகர மாட்டாரு.

அவர் டீ ஊத்தறப்ப தண்ணியில மிதந்து வந்த ஒரு ஜூனிபர் மரக் கொம்பு என் கால்ல இடிச்சுது. பச்சையா, அப்பத்தான் ஒடிஞ்சது. அந்த மரம் மேல ஷோபக் மலையிலதான் உண்டு. வெள்ளம்தான் ஒடிச்சு இழுத்துட்டு வந்திருக்கணும்.

"நாயிஃப் அப்பா, மேல மழை பெய்யுது. ஏறிடலாம்."

"ஆரம்பிச்சுட்டியா! இந்த வாரம் ரெண்டு தடவை இப்படித்தான் பாதியில திருப்பினே. ஒரு சொட்டு வந்துச்சா? ஏதாவது ஆடு ஒடிச்சிருக்கும். டீயைக் குடிடி, என் தங்கமே."

தங்கமாம், தங்கம்! கிளாஸை வாங்கினேன். குடிக்கல. அவர் காலடியில மணல்ல வச்சேன்.

மனுஷன் முகம் மாறிருச்சு. எங்க ஜனங்ககிட்ட ஒருத்தர் குடிக்காம கிளாஸைக் கீழ வச்சா, ஏதோ கேக்கப் போறாங்கன்னு அர்த்தம். கொடுத்தவரு சம்மதிக்கிற வரைக்கும் அது வாயில படாது. மறுத்தா மானம் போச்சு. அதுவும் விருந்தாளிங்க முன்னாடி, சொந்தப் பொண்டாட்டி!

"கேளு," ன்னாரு பல்லைக் கடிச்சுக்கிட்டு.

"எந்திரிங்க. எல்லாரும் மேல. இப்பவே."

முணுமுணுத்துக்கிட்டே ஏறி, ஒரே கையால அந்தப் புதுப்பொண்ணைத் தூக்கிவிட்டாரு. நான் மாப்பிள்ளைப் பையனைக் கீழேருந்து தள்ளிட்டுப் பின்னாலேயே ஏறினேன். மூணு ஆள் உயரப் பாறைத்தட்டுல உட்கார்ந்து மூச்சு வாங்கறதுக்குள்ள லாரி வர்ற மாதிரி சத்தம். செந்தண்ணி கல்லையும் மரத்தையும் உருட்டிக்கிட்டு வந்து, கெட்டிலோட திட்டையே முழுங்கிருச்சு.

நல்லாத் திட்டணும்னு திரும்பினேன். மனுஷனோட இன்னொரு கையில என் கிளாஸ்! பாதி டீதான் மிச்சம்.

"கேட்டதைக் கொடுத்துட்டேன்ல. குடி, வத்ஹா."

எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. ஒரு வாய் குடிச்சிட்டு மிச்சத்தை அவர்கிட்ட நீட்டினேன்.

அவர் குடிக்கல. என் காலடியில பாறை மேல வச்சாரு.

"கேளுங்க," ன்னேன்.

"நாளையிலேருந்து நீ முன்னாடி போ. கயிறை நான் தூக்கிட்டு வர்றேன்."

"சரி, குடிங்க. ஏற்கெனவே ஆறிப்போச்சு."