கொடிகளுக்கு அப்பால்

வாக்குச்சாவடி மூடப்படுவதற்குப் பதினைந்து நிமிடங்களே எஞ்சியிருந்தன. தீயணைப்பு நிலையத்தினுள், வரிசையில் தன் மகன் கேலனோடு நின்றிருந்த வெர்னா, சுவர்க்கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கேலனுக்கு முப்பத்துநான்கு வயது. அறிவு வளர்ச்சிக் குறைபாட்டுடன் பிறந்தவன். அவன் வேலை செய்யும் பணிக்கூடமும், அவனை நாள்தோறும் அங்கே கொண்டுசெல்லும் பேருந்தும் மாவட்டத்துச் சொத்துவரியால் நடப்பவை. அவ்வரியைப் புதுப்பிக்க மக்கள் வாக்குக்கு விடப்பட்ட நான்காம் தீர்மானம் மே மாதத்தில் பதினொரு வாக்குகளால் தோற்றிருந்தது. இன்றும் தோற்குமாயின், ஜனவரியில் இரண்டும் நின்றுவிடும்.

இரண்டு மாதங்களாகத் தாயும் மகனும் வீடுவீடாகச் சென்று வந்தனர். கண்டவர் கையையெல்லாம் குலுக்கி, "நாலுக்கு ஆமான்னு போடுங்க" என்பான் கேலன். அப்பழக்கமே இப்போது வினையாயிற்று. தங்களுக்குப் பின்னால், வரிசையின் கடைசியில் வந்து நின்ற ஆரினின் கையைப் பற்றி, அதையே உரக்கச் சொல்லிவிட்டான்.

ஆரின் பக்கத்துப் பண்ணைக்காரர். அவ்வரிக்கு வெளிப்படையான எதிரி.

"ஏம்மா வெர்னா, தினம் காலைல இவன் ஏறி முடிக்கிற வரைக்கும் உங்க பஸ்ஸுக்குப் பின்னாடி நாலு நிமிஷம் நின்னு தொலைக்கிறேன். இங்கயும் விடமாட்டீங்களா?"

சாவடி அதிகாரி ஜெனெட் விரைந்து வந்தாள்.

"கேலன், வெளிய ரெண்டு கொடி நட்டிருக்கோம்ல? அதுக்கு உள்ள பிரசாரம் பண்ணவே கூடாது. இன்னொரு தடவை வாயத் திறந்தா வெளிய அனுப்பிடுவேன், ஆமா!"

கேலன் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

அவன் பெயர் சரிபார்க்கும் மேசையை அடைந்தபோது மணி ஏழு இருபத்தைந்து. அடையாள அட்டையை நீட்டினான்.

"அட்டை இருந்தாலும் பேரும் விலாசமும் வாய்விட்டுச் சொல்லணும்ப்பா," என்றார் மேசைக்காரர்.

கேலன் மாட்டேனென்று தலையசைத்தான்.

"நான் சொல்றேன், இவன் பேரு..." என்று தொடங்கிய வெர்னாவின் வாயையும் எட்டிப் பொத்தினான்.

அவள் அந்தக் கையை விலக்கினாள். "பேரு சொல்றது பிரசாரம் இல்லடா, கண்ணு!"

அவன் கண்கள் கலங்கின. சட்டெனத் திரும்பி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினான்.

"ஏழரை ஆச்சுன்னா கதவைச் சாத்திடுவேன், வெர்னா. எனக்கு வேற வழியில்ல," என்றாள் ஜெனெட்.

வெர்னா வாசலுக்கு ஓடினாள். இருட்டில் கேலன் கொடிகளைக் கடந்து, திரும்பி நின்று, நெஞ்சு நிறைய மூச்சிழுத்துக் கூவினான்.

"கேலன் ஸ்டட்ஸ்மன்! மில் தெரு, நானூத்திப் பதினெட்டு!"

"ஊருக்கே கேட்டுச்சு. எழுதிக்க, ஜெனெட்," என்றார் ஆரின்.

"ஆள் உள்ள இருக்கணும், ஆரின்."

கேலனால் விரைந்து ஓட இயலாது. மணி ஏழு இருபத்தொன்பது. ஜெனெட் கதவின் பிடியைப் பற்றினாள். அப்போது ஆரின் வரிசையை விட்டு நகர்ந்து, வாசற்படியில் ஒரு காலை வெளியே வைத்து, கதவு நிலையைக் கையால் பிடித்தபடி நின்றுகொண்டார்.

"வழி விடுங்க."

"முட்டி புடிச்சுக்கிச்சும்மா. மெதுவாத்தான் எடுக்க முடியும். என் காலோட சேத்தா சாத்தப் போற?"

அவருடைய கைக்குக் கீழே குனிந்து, மூச்சிரைக்கக் கேலன் உள்ளே நுழைந்தான். உடனே அவரும் காலை உள்ளிழுத்துக்கொண்டார். கடிகாரமுள் ஏழரையைத் தொட்டது.

ஊருக்கே கேட்ட அந்தப் பெயரை மேசைக்காரர் எழுதிக்கொள்ள, கேலன் வாக்களித்தான். இறுதியாக வாக்களித்தவர் ஆரினே. எப்படி வாக்களித்தார் என்று வெர்னா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தீர்மானம் பத்தொன்பது வாக்குகளால் வென்றதென மறுநாட்காலை வானொலி அறிவித்தது. பேருந்து வந்து நின்றது. அதன் பின்னால் ஆரினின் லாரி வழக்கம்போல் நீளமாக ஹாரன் அடித்தது.

படியில் நின்ற கேலன், அவசரமின்றிக் கையசைத்துவிட்டு ஏறினான்.