வெரோனிக்கா தொட்ட மாவு

கிறிஸ்துமஸ் முறுக்குக்காக வைத்திருந்த இரண்டு கிலோ மாவையும் ரீத்தா குப்பைப் பையில் கவிழ்த்தாள். அவள் ஃபோனை எடுக்கப் போன நேரத்தில் மருமகள் வெரோனிக்கா அதைப் பிசைந்துவிட்டாள். அவ்வளவுதான் குற்றம்.

"கை கழுவிட்டுத்தானே அத்தை தொட்டேன்?"

"உன்ன யாரு தொடச் சொன்னா? வேலை முடிஞ்சு வந்தா போய் உக்காரு லா!"

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் பதினோரு வருடமாக வெரோனிக்கா அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் பெண்களிடம், "எங்க மாமியார் என்ன குசினிப் பக்கமே விடமாட்டாங்க" என்று பீற்றிக்கொள்ளாத நாளில்லை. கணவன் ஜெரமியும், "அம்மாவுக்கு உம்மேல அவ்ளோ பாசம்" என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தான்?

மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் மோனிக்கா தலையைத் தூக்கினாள். பள்ளியில் 'பரியா' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டிருந்தார்கள்.

"மா, இது தமிழ்லேர்ந்து போன வார்த்தையாம். பறை அடிக்கிறவங்களோட பேராம். இப்ப, யாரும் சேத்துக்காம ஒதுக்கி வச்ச ஆளுன்னு அர்த்தமாம். இங்க மலாய்ல தெருநாயக்கூட 'பரியா'ன்னுதானே சொல்றாங்க? நமக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் அப்படி இருக்காங்களா?"

ரீத்தா சிரித்தாள். "உங்கம்மாவையே கேளு. அவ தாத்தா என்னத்த அடிச்சாருன்னு."

வெரோனிக்கா கூடத்தில் உட்கார்ந்திருந்த கணவன் பக்கம் திரும்பினாள். தன் சாதியை இந்த வீட்டில் ஒரே ஒருவனிடம்தான் அவள் சொல்லியிருந்தாள். "நம்ம வேதத்துல ஏது சாதி? யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று கையைப் பிடித்துச் சத்தியம் செய்தவன். ஞாயிறுதோறும் பூசையில் அவளோடு சேர்ந்து நன்மை அப்பம் வாங்கியவன்.

"எப்பங்க சொன்னீங்க?"

ஜெரமி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடியே. உன்ன சமையல்ல கை வைக்க விடமாட்டேன்னு நான் ஒத்துக்கிட்டப்புறம்தான் அம்மா சரின்னாங்க. அதுக்கென்ன இப்ப? உன்ன நல்லாத்தானே வச்சிருக்கோம்?"

பாவி! அவளை வைத்துப் பேரம் பேசிவிட்டு, அதற்குப் பாசம் என்று பெயரும் வைத்திருக்கிறான்.

"மா, அந்த வார்த்தைய வச்சு ஒரு சென்டென்ஸ் எழுதணும். சொல்லித் தர்றியா?"

வெரோனிக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நோட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"எழுதும்மா. எங்க வீட்டுல எங்கம்மாதான் பரியா. அதுக்குச் சம்மதிச்சது எங்கப்பா."

மோனிக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெல்ல எழுதி முடித்தாள்.

"இப்ப அப்பாகிட்ட குடு. அவரு கையெழுத்துப் போடட்டும்."