நாற்பது மூக்குகள்

கிட்டே வாருங்கள் என் செல்லங்களே, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. ஒரு டீச்சரைப் பற்றிச் சொல்லப்போகிறேன். கேட்டு முடித்ததும் அவள்மேல் கோபப்படுவீர்களோ பரிதாபப்படுவீர்களோ தெரியாது. இரண்டும் படலாம், தப்பில்லை.

பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு அவள் அறிவியல் எடுத்தாள். இயற்பியலும் அவள்தான், வேதியியலும் அவள்தான். புத்தகத்தைப் படித்துக் காட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை. எதைச் சொன்னாலும் செய்து காட்டியாக வேண்டும் அவளுக்கு. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஆய்வகத்து ஜன்னலில் தொற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்து உதை வாங்கியிருக்கிறார்கள். அமிலம் சிந்திக் கறுத்த மேசைகள், கால் ஆடுகிற முக்காலிகள், ஒவ்வொரு மேசைக்கும் ஒரு எரிவாயுக் குழாய். அந்த அறையின் சாவி அவள் இடுப்பில் இருக்கும் வரை அவள் ராணி.

போன வருஷம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகிறபோது அவளுடைய மோப்ப சக்தியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. பால் தீய்ந்தால் தெரியவில்லை. பூவும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான். அம்மோனியா மட்டும் மூக்குக்குள் ஊசியாகக் குத்தும். அது வாசனை இல்லை, வெறும் எரிச்சல். ஆனாலும் குத்துகிறதே என்ற தைரியத்தில், இன்றைக்குத் திரும்பிவிடும் நாளைக்குத் திரும்பிவிடும் என்று யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தாள்.

தெரிந்தவர் அவள் கணவர் ஒருவர்தான். தையல்காரர். மிஷினை மிதித்துக்கொண்டே சொல்வார்.

"வீட்ல மோந்து பாக்க நான் இருக்கேன். ஸ்கூல்ல யாரு இருக்கா? ஹெச்.எம்.கிட்ட சொல்லிடேன்."

"சொன்னா லேப் சாவிய வாங்கிக்குவாங்க. அப்புறம் போர்டுல படம் போட்டு, இது நாறும், இது நாறாதுன்னு பாடம் நடத்தவா?"

"நாறுறத நாறாதுன்னு சொல்லி என்னிக்காவது மாட்டிக்கப்போற."

மாட்டிக்கொள்ளாமல் இருக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். சோதனைக் குழாயைப் பிள்ளைகள் பக்கம் நீட்டி, "என்ன வாசனை, சொல்லுங்க பாப்போம்" என்பாள். வாயால் வருகிற பதில் அவளுக்கு முக்கியமில்லை. முகத்தைத்தான் பார்ப்பாள். ஒருத்தி மூக்கைச் சுருக்குவாள், ஒருத்திக்குக் கண் கலங்கும், ஒருத்தி குமட்டிக்கொண்டு வாயைப் பொத்துவாள். நாற்பது பிள்ளைகள், நாற்பது மூக்குகள். தன் மூக்கு ஒன்று போனால் என்ன என்று இருந்துவிட்டாள்.

அந்த நாற்பதில் ஒரு முகம் மட்டும் அவளுக்கு உதவாது. கடைசி பெஞ்சுப் பெண். திட்டினாலும் பாராட்டினாலும் ஒரே முகம். பிள்ளைகள் அவளுக்கு மரப்பாச்சி என்று பேர் வைத்திருந்தார்கள். முதல் பெஞ்சில் இருந்தவளோ நேர் எதிர், ஓயாத வாய். அவள் பேர் ரேடியோ.

அன்றைக்குப் பாடம் கலவையும் சேர்மமும். இரும்புத் தூளும் கந்தகமும் கலந்து கிடந்தால் காந்தம் இரும்பைப் பிரித்து எடுத்துவிடும். இரண்டையும் சூடாக்கிச் சேர்த்துவிட்டால் காந்தம் தோற்றுப்போகும். முன் மேசையில் சூடாக்கிக் காட்டினாள். வந்த கறுப்புக் கட்டியில் இரண்டு சொட்டு அமிலம் விட்டாள். அந்த ஒரு முகம் தவிர எல்லா முகமும் ஒரே நேரத்தில் கோணியது.

"ஐயோ டீச்சர், அழுகின முட்டை!" என்று ரேடியோ ஜன்னலுக்கு ஓடினாள். "எங்கண்ணன் சாக்ஸ் மாதிரி நாறுது!"

வகுப்பே சிரித்தது. பின்னால் இருப்பவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று முனகினார்கள். சரி, இன்னொரு தரம் கடைசி மேசையில் செய்துவிடலாம் என்று அவள் சாமான்களை எடுத்துக்கொண்டு போனாள். மரப்பாச்சி எழுந்து நின்றாள்.

"டீச்சர், இங்க கேஸ் வாசனை வருது."

"அது முட்டை நாத்தம்டி!" என்று யாரோ கத்தினார்கள்.

"இல்ல டீச்சர். இது வேற. அடுப்பு வாசனை."

டீச்சர் சுற்றிப் பார்த்தாள். மற்ற எல்லா முகமும் ஏற்கெனவே கோணித்தான் இருந்தது. அதில் எதைக் கண்டுபிடிப்பாள்? மரப்பாச்சியின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கலக்கம் இல்லை. நிஜமாக வாசனை வந்தால் முகம் இப்படியா இருக்கும்?

"சும்மா பேரு வாங்கப் பேசாத. உக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்தாள்.

"நான் பத்த வைக்கிறேன் டீச்சர், ப்ளீஸ் டீச்சர்" என்று ரேடியோ கையை நீட்டினாள். டீச்சர் தீப்பெட்டியைக் கொடுத்தாள்.

அப்புறம் நடந்ததை விவரிக்க எனக்கு மனசில்லை, கண்ணுகளா. மேசைக்கடியில் தேங்கிக் கிடந்த வாயு ஒரே மூச்சில் பற்றியது. ரேடியோவின் வலது கை வெந்துபோனது. புருவம் கருகியது. உயிருக்கு ஒன்றுமில்லை, தழும்பு நிற்கும் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹெச்.எம். டீச்சரின் தோளைத் தொட்டாள். "காலையில எல்லாக் குழாயையும் மூடினேன்னு அட்டெண்டர் சொல்றாரு. அங்க உக்காந்திருந்தது அந்தக் கடைசி பெஞ்சுப் பொண்ணுதான். திருகி விளையாடியிருக்கா. அவ அப்பாவுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். நாளைக்கு டி.சி. குடுத்துடலாம். நீ மனசப் போட்டு உழப்பிக்காத."

"கேஸ் வாசனைன்னு அவ முன்னாடியே சொன்னாளாமே?" என்று பக்கத்தில் நின்ற அட்டெண்டர் இழுத்தார்.

"புள்ளைங்கள விசாரிச்சேன். யாரும் கேக்கலங்குதுங்க."

சிரித்த பிள்ளைகள்தானே, பயம். டீச்சருக்கும் அதே பயம்தான். வாயைத் திறக்க வந்தாள். இடுப்புச் சாவி கனத்தது. மூடிக்கொண்டாள்.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். கணவர் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மறுநாள் காலையில் ஹெச்.எம். அறைக்குப் போனாள். மரப்பாச்சி ஓரமாக நின்றாள். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. மூட்டை தூக்கும் அவள் அப்பா தலையைக் குனிந்து நின்றார். டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, கைய எடு! பெயிண்ட் காயல!" என்றாள் ஹெச்.எம். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி. "தெரு முனையிலேயே மூக்க அறுக்குது, உனக்குத் தெரியலயா?"

டீச்சர் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். முழுக்கப் பச்சை. கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் துடைத்திருக்கலாம்.

"தெரியல மேடம். எந்த வாசனையும் தெரியல. ஒரு வருஷமாச்சு."

ஹெச்.எம். கைக்குட்டையை இறக்கினாள்.

"இவ எங்கிட்டச் சொன்னா. கேஸ் வாசனைன்னு ரெண்டு தடவை சொன்னா. நான் இவ மூஞ்சியப் பாத்து நம்பல. உக்காருன்னேன். தீப்பெட்டியையும் நான்தான் குடுத்தேன். குழாயத் திருகி விளையாடினவ தானே எழுந்து வந்து கேஸ் வருதுன்னு சொல்லுவாளா?"

"ஒரு வருஷமா? நாப்பது புள்ளைங்கள வச்சுக்கிட்டா?" ஹெச்.எம். நாற்காலியை விட்டு எழுந்தாள். "இது வெளிய போனா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும் மேடம்." சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

மரப்பாச்சியின் அப்பா நிமிர்ந்தார். "அப்ப எம்பொண்ணு பொய் சொல்லலயா?"

"இல்லங்க."

"இத நேத்தே சொல்லக் கூடாதாம்மா?" அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ராத்திரி அடிச்சுட்டேனே. நான் பண்ணலப்பா, பண்ணலப்பான்னா. அடிச்சுட்டேனே."

டீச்சர் அந்தப் பச்சைக் கையோடு அவரைக் கும்பிட்டாள்.

வெளியே நடைபாதையில் அந்தப் பெண்ணின் முன்னால் நின்றாள். பழக்கதோஷம், முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள். வெறுப்பா, மன்னிப்பா? ஒன்றும் தெரியவில்லை.

"நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கணும் டீச்சர்" என்றாள் பெண். "எல்லாரும் சிரிச்சாங்களா, உக்காந்துட்டேன்."

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

"நீ சொன்னதே போதும்மா. கேக்காதது நான்." கன்னத்தைக் காட்டிக் கேட்டாள். "ரொம்ப வலிக்குதா?"

"ம்."

முகம் அப்படியேதான் இருந்தது. டீச்சர் இந்த முறை முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒரு எழுத்தை அப்படியே நம்பினாள். பிறகு பச்சைக் கையோடு படியிறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸுக்கு நின்றாள். ரேடியோவின் அம்மாவிடமும் இதையே சொல்ல வேண்டும். அந்த அம்மா என்ன சொல்வாள், வேலை நிலைக்குமா, எதுவும் அவளுக்குத் தெரியாது. பஸ் வந்தது, ஏறினாள்.

அவ்வளவுதான் செல்லங்களே. உங்கள் வீட்டில் விளக்கு குறையாமல் எரியட்டும், உலை குறையாமல் கொதிக்கட்டும். மெல்லப் பேசுகிற பிள்ளைக்கும் உங்கள் வீட்டில் ஒரு காது இருக்கட்டும். பிள்ளைகளின் கையும் கன்னமும் நோகாமல், நிறைந்து வாழுங்கள்.