கலியன் குறைத்த முப்பத்தெட்டு ராத்தல்

கலியன் ஒருத்தனை அடிக்கப் போகிறான் என்றால் முதலில் வேட்டியை மடித்துக் கட்டுவான். அதைப் பார்த்ததுமே பாதிப் பேர் காலில் விழுந்துவிடுவார்கள். விழாமல் நின்றவன் கொளஞ்சிநாதன் ஒருத்தன்தான்.

நெய்வேலிச் சுரங்கத்து ஓரமாகத் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டுகிற கான்ட்ராக்ட் வேலை அது. முந்தின நாள் கரை சரிந்து ஓர் ஆள் இடுப்புவரை புதைந்துபோனான். இழுத்துப் போட்டுவிட்டார்கள், உயிர் பிழைத்தான். ஆனாலும் அந்தச் சரிவுக்குக் கீழே இனி இறங்க மாட்டோம் என்று கொளஞ்சிநாதன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். அவனைப் பார்த்து இருபது பேர் வைத்தார்கள். கான்ட்ராக்டர் வைத்திலிங்கம் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. வெற்றிலையை மென்றபடியே கலியனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

முதல் அடி காதோடு சேர்த்து விழுந்தது. கொளஞ்சிநாதன் சேற்றில் சாய்ந்தான். வயிற்றில் ரெண்டு உதை. பிறகு கலியன் அவன் வலது கையைப் பின்னால் மடக்கி முழங்காலை வைத்து அழுத்தினான். முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். இருபது பேரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார்கள்.

அதோடு முடிந்திருந்தால் இது வழக்கமான கதை. ஆனால் கலியனால் எழுந்திருக்க முடியவில்லை. நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கிய மாதிரி இருந்தது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர வழி தெரியவில்லை. அடித்தவனும் அடிபட்டவனும் பக்கத்தில் பக்கத்தில் சேற்றில் கிடந்து இரைத்தார்கள். கொளஞ்சிநாதன் வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான்:

"இன்னா கலியா, எனக்கு முன்னாடி நீ போயிடுவ போலக்குதே."

அந்த உடம்பு கலியன் தானாக வளர்த்தது இல்லை, கண்ணுங்களா. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் நெட்டையாக, எலும்பெல்லாம் தெரிய மண் சுமந்த ஆள். வைத்திலிங்கம் அவன் தோளின் அகலத்தைப் பார்த்தார். மந்தாரக்குப்பத்து மிலிட்டரி ஓட்டலில் அன்றையிலிருந்து அவனுக்கு ஒரு இலை. சோறு குவியல், அதன் மேல் கொழுப்போடு கறி, வறுவல், ஆறு முட்டை. கான்ட்ராக்டர் ஒரு முட்டுக்கிடாவும் வளர்த்தார், சண்டைக்கு விட. கிடாவுக்கும் கலியனுக்கும் தீனியில் மட்டும் அவர் கை இழுத்துப் பிடித்ததே இல்லை.

கலியன் பெண்டாட்டி சாமியம்மாள் குழாயடிக்குப் போனால் மற்ற பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டு ஒதுங்குவார்கள். பயம் பாதி, அருவருப்பு பாதி. அவள் தண்ணீர் பிடித்துவிட்டுப் போகிறவரை ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். அவளுக்கு அந்தச் சத்தமில்லாத குழாயடிதான் கனவிலும் வரும்.

கொளஞ்சிநாதனை அடித்த அந்த மாசம்தான் வேலை வாய்ப்பு ஆபீசில் எப்போதோ பதிந்து வைத்ததற்குக் கார்டு வந்தது. சுரங்கத்தில் பெரிய மெஷினுக்கு ஹெல்ப்பர், பர்மனென்ட். சாமியம்மாள் கார்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். இந்த வேலை கிடைத்தால் அவன் யாரையும் அடிக்க வேண்டாம். அது போதும் அவளுக்கு.

வேலைக்கு உடம்பு தகுதி பார்க்க, ஆஸ்பத்திரியில் நிறை பார்க்கிற மெஷினில் ஏற்றினார்கள். இருநூற்றிருபத்திரண்டு ராத்தல், இந்தக் காலத்துக் கணக்கில் நூறு கிலோ. ரத்தக் கொதிப்பு அதற்கு மேல் பயமுறுத்தியது. டாக்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: மாடி மாடியாக ஏணி ஏறுகிற வேலை, இந்த உடம்போடு ஏறினால் ஏணியிலேயே நெஞ்சு நின்றுபோகும். ஆறு மாசம் தவணை. நூற்று எண்பத்தைந்துக்குள் இறங்கி, கொதிப்பும் அடங்கினால் வேலை. இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வெளியே குமாஸ்தா இன்னொன்றும் சொன்னார். போலீஸ் கேஸ் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதுவரை கலியன்மேல் கேஸ் இல்லை. எழுதிக் கொடுக்க எவனுக்காவது தைரியம் இருந்தால்தானே.

எடை குறைப்பது என்றால் கலியனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். திரௌபதி அம்மன் கோயிலில் தீ மிதிக்கிறவர்கள் காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருப்பார்கள் இல்லையா, அதே மாதிரி மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டான். கறி மீன் கிடையாது, ஒரு வேளை கஞ்சித் தண்ணீர். பதினெட்டு நாளில் கன்னம் ஒட்டியது. சாமியம்மாளுக்குக்கூடப் பெருமைதான்.

பத்தொன்பதாம் நாள் வைத்திலிங்கம் வாய்க்காலுக்குக் கூப்பிட்டார். ஒருத்தனை லேசாக மிரட்ட வேண்டும், அடிக்கக்கூட வேண்டாம். கலியன் வேட்டியை மடித்துக் கட்டி நாலு எட்டு வைத்தான். கண் இருட்டியது. வெட்டிய மரம் மாதிரி மண்ணில் விழுந்தான்.

கையில் மாவுக்கட்டோடு தண்ணீர் ஊற்றுகிற வேலைக்கு வந்திருந்த கொளஞ்சிநாதன், குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிதானமாக நடந்து வந்தான். இடது கையால் ஒரு மண்வெட்டிக் கழியை எடுத்தான். முதுகில் ஒன்று. தோளில் ஒன்று. மூன்றாவதைத் தலைக்கு நேராக ஓங்கினான். கீழே கிடந்தவன் கண்ணைத் திறந்து பார்த்தான், கையைத் தூக்கக்கூட முடியவில்லை. கொளஞ்சிநாதன் என்ன நினைத்தானோ, கழியை வீசிவிட்டுக் குடத்துக்குத் திரும்பினான்.

முதுகுக் காயத்துக்கு மருந்து போட்டவள் நர்ஸ் புஷ்பவல்லி. நாகர்கோவில் பக்கத்துக்காரி, கை மென்மை, வாய் காரம். மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள்.

"சாமிக்கு விரதம் இருந்தா இருங்க, நான் தடுக்கல. பட்டினி கிடந்தா கொழுப்பு போறதுக்கு முன்னால தெம்பு போகும். அப்புறம் பசி வந்து ரெண்டு மடங்கு தின்ன வைக்கும். கறி உங்களுக்கு எதிரி இல்ல கலியன். அளவுதான் எதிரி."

சாமியம்மாளைக் கூப்பிட்டு வைத்துப் பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி சொன்னாள். காலையில் கேழ்வரகுக் கூழ், மோர், சின்ன வெங்காயம். மத்தியானம் தட்டில் பாதி கீரையும் காயும் இருக்கணும், கால் பங்கு சோறு, மிச்சக் கால் பங்கு மீனோ முட்டையோ கறியோ. கறி என்றால் கொழுப்பைக் கழித்துவிட்டு அவன் உள்ளங்கை அளவு, விரலைச் சேர்க்கக் கூடாது. கறி இல்லாத நாளில் கொள்ளு, மொச்சை, பச்சைப்பயறு. மீனைப் பொரிக்காதே, குழம்பு வை. சர்க்கரை போட்ட டீ நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். முதல் வாரம் ஒரு மைல் நடக்கணும், போகப்போகக் கூட்டணும். நடக்கும்போது பேச முடியணும், பாட முடிந்தால் வேகம் பத்தாது. வாரத்துக்கு ஒன்றரை ராத்தல் இறங்கினால் போதும். அதற்கு மேல் ஆசைப்படாதே.

விடியலில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நடந்தார்கள். பக்கத்துக் குடிசைத் தனபாக்கியத்துக்குப் பொறுக்கவில்லை. தினமும் எதைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள். அத்தனை வருஷத்தில் அவள் சாமியம்மாளிடம் பேசிய முதல் பேச்சு அது. தொப்பையைத் தொலைக்கத்தான் போறோம், கிடைச்சா திருப்பிக் கொடுத்துடாத அக்கா என்றாள் சாமியம்மாள்.

இருநூற்றுப் பதினைந்து. இருநூற்று எட்டு. மூன்றாம் மாசம் முள் அசையாமல் நின்றது. பதினைந்து நாள் நடந்தும் ஒரு ராத்தல் இறங்கவில்லை. கலியன் மெஷினை ஓர் உதை விட்டான். புஷ்பவல்லி அவனை வராந்தாவில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தாள். உடம்பு என்ன உங்க கான்ட்ராக்டர் கிட்ட வேலை பார்க்கிற ஆளா, மிரட்டினா பயப்பட என்று கேட்டாள். மறு வாரம் தானாக இறங்கியது.

இளைக்க இளைக்க இன்னொன்று நடந்தது. ஊர் அவனை அளந்து பார்க்க ஆரம்பித்தது. முன்னால் அவன் வந்தால் விலகிய ஆட்கள் இப்போது தோளால் இடித்துவிட்டுப் போனார்கள். டீக்கடையில் ஒருத்தன் கொதிக்கிற டீயை அவன் காலில் ஊற்றிவிட்டுக் கை தவறிவிட்டது என்றான். கலியனுக்கு வேட்டியை மடிக்கக் கை போனது. கேஸ் நினைவு வந்தது. கொப்பளித்த காலோடு நடந்து வீட்டுக்கு வந்தான்.

நாலாம் மாசம் வைத்திலிங்கம் ஓட்டலுக்குக் கூப்பிட்டனுப்பினார். அவர் பக்கத்தில் ராஜாங்கம் என்று ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தான். அகலமான தோள், முகத்தில் புதுச் சதை. கலியனுக்கும் ஒரு இலை போட்டார்கள். கறி மலை மாதிரி இருந்தது.

"நம்ம கிடாதான்" என்றார் வைத்திலிங்கம். "நேத்துச் சண்டையில கொம்பு ஒடிஞ்சுபோச்சு. அதை வச்சுக்கினு இன்னா பண்றது? தின்னுடா."

கலியன் அந்தக் கிடாவின் நெற்றியைப் பலநாள் தடவிக் கொடுத்திருக்கிறான். உள்ளங்கையை இலைமேல் விரித்து, அதற்கு அடங்குகிற ரெண்டு துண்டை எடுத்துத் தின்றான். இலையை மூடினான். இனிமேல் ஆள் அடிக்க வர மாட்டேன், சுரங்கத்து வேலைக்குப் போகிறேன் என்றான்.

சுடச்சுட இலையோடு கறி அவன் முகத்தில் வந்து விழுந்தது. ராஜாங்கம் எழுந்து, முகத்தைத் துடைக்க விடாமல் மாறி மாறி அறைந்தான். ஏழு அறை. கலியன் எண்ணினான். உதடு கிழிந்தது. ரெண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். வீட்டில் சாமியம்மாள் கிழிந்த உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

ஆறாம் மாசம் நிறை பார்க்கிற நாள் வந்தது. பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். எட்டு மணிச் சங்கு ஊதியபோது கலியன் மண்மேட்டுப் பாதையில் தனியாக நடந்துகொண்டிருந்தான். எதிரே மூன்று சைக்கிள்கள் குறுக்கே நின்றன. ராஜாங்கமும் இன்னும் ரெண்டு பேரும். ஒருத்தன் கையில் சைக்கிள் செயின்.

செயின் முதலில் பேசியது. புருவத்துக்கு மேல் கிழிந்து, ரத்தம் கண்ணில் இறங்கியது. ரெண்டாவது வீச்சு முதுகில். மூன்றாவதைக் கலியன் கையில் வாங்கினான், தோல் உரிந்தது. ராஜாங்கம் கிட்டே வந்து கன்னத்தை நீட்டினான்.

"ஒண்ணே ஒண்ணு வை கலியா. ஸ்டேஷன்ல போயி நான் காட்டணும் இல்ல? ஆம்பளன்னா வை."

அந்தக் கன்னம் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஓர் அடி போதும், தாடை தனியாகப் போயிருக்கும். ஆறு வருஷம் கற்ற வித்தை விரல்களில் வந்து நின்று துடித்தது. கலியன் குனிந்து வேட்டியை மடித்துக் கட்டினான். மூன்று பேரும் தங்களை அறியாமல் ஓர் எட்டுப் பின்னால் போனார்கள்.

கலியன் திரும்பி ஓடினான்.

பாதையில் இல்லை, மண்மேட்டின்மேல் நேராக. சைக்கிள் அந்தப் பொலபொல மண்ணில் உருளாது. போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். கல் ஒன்று அவன் பிடரியில் பட்டது. ஒருத்தன் பாதியில் நின்றுவிட்டான், இன்னொருத்தன் வழுக்கி விழுந்தான். ராஜாங்கம் மட்டும் வந்தான். கணுக்கால் அளவு மண்ணில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வந்தான். உச்சிக்குக் கீழே அவன் மூச்சு மாறியது. கலியனுக்கு அந்தச் சத்தம் தெரியும். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர வழி தெரியவில்லை. திரும்பிப் பார்த்தான். ராஜாங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான், உதடு கறுத்திருந்தது.

"உக்காருடா" என்றான் கலியன். "ஓடாத. அப்படியே உக்காரு. அந்த ஓட்டல் இலையை இனிமே தொடாத."

ராஜாங்கம் உட்கார்ந்தான். மூச்சு திரும்பி, ஒரு கெட்ட வார்த்தை வாயில் வரும்வரை மேலே நின்று பார்த்துவிட்டுக் கலியன் மறுபக்கம் இறங்கினான்.

அங்கே வாய்க்காலில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். முகமெல்லாம் ரத்தமாக ஓடி வருகிறவனைப் பார்த்து மண்வெட்டிகள் நின்றன. கோணலாகச் சேர்ந்துபோன கையோடு கொளஞ்சிநாதன் கரையில் நின்றான்.

"இன்னா கலியா, ஓடற?"

"ஓடறேம்பா" என்றான் கலியன், நிற்காமல்.

பின்னால் சிரிப்பு கிளம்பியது. இருபது பேர் சிரிப்பு. செயின் அடியைவிட அது ஆழமாக இறங்கியது. ஆனாலும் கால் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் புஷ்பவல்லி காயத்தைத் தைத்தாள். கொதிப்புப் பார்த்தபோது எகிறியிருந்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். நாலு மைல் ஓடி வந்த உடம்பு, அரை மணி உட்கார விட்டுப் பாருங்கள் என்று அவள்தான் கெஞ்சினாள். கலியன் பெஞ்சில் உட்கார்ந்தான். ஆறு மாசமும் ஏழு அறையும் இந்த அரை மணியில் வந்து நிற்கின்றன. நெஞ்சே, அடங்கு என்று அதட்டவில்லை. அதட்டினால் கேட்காது என்று இப்போது அவனுக்குத் தெரியும்.

அவனை வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்று யாரோ சொல்லி, சாமியம்மாள் தலை அவிழ ஓடி வந்தாள். கூடவே தனபாக்கியம். சாமியம்மாள் காயத்தைப் பார்க்காமல் அவன் ரெண்டு கையையும் திருப்பிப் பார்த்தாள்.

"அடிச்சியாய்யா?"

"இல்ல. ஓடியாந்துட்டேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அரை மணி கழித்துப் பட்டையைச் சுற்றி அழுத்தினார் டாக்டர். ஒருமுறை பார்த்தார், நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். கொதிப்பு அடங்கியிருந்தது. பிறகு மெஷினைக் காட்டினார். முள் ஆடி ஆடி நூற்று எண்பத்து நாலில் நின்றது.

கலியன் இறங்கவில்லை. புஷ்பவல்லியிடம் மெதுவாகக் கேட்டான்.

"நர்சம்மா, ரத்தம் கொஞ்சம் போயிருக்குதே. அதுல ஒரு ராத்தல் கொறஞ்சிருக்குமா?"

"போனது ஒரு கரண்டிகூட இருக்காது. இறங்குங்க."

டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கலியன் கீழே இறங்கினான். வேட்டி இன்னும் மடித்துக் கட்டியபடியே இருப்பதை அப்போதுதான் பார்த்தான். அவிழ்த்து இறக்கிவிட்டான்.